ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று

பர்னபாஸ் துளசிராமனுக்குத் தர வேண்டியது பதினைந்தாயிரத்து ஐம்பது ரூபாய். வாங்கிய முப்பதாயிரத்தில் அடைத்தது போக நின்ற மிச்சம் அது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சிக்கு ஆளும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவி பாக்கியவதிக்குப் பித்தப்பையில் கல் அடைத்துக்கொண்டு, இன்றைக்கே அறுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, பர்னபாஸ் ஓடிப்போய் நின்றது ராபர்ட்சன்பேட்டையில் இருந்த துளசிராமனின் இரும்புக் கடையில்தான். எவ்வளவு என்று கேட்டார் துளசிராமன். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவில்லை. கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஓடுய்யா, இன்னும் இன்னா நின்னுகினு கீற?" என்றார்.

ஞாயிறு ஆராதனையில் பாதிரியார் நன்றி சொல்லச் சொல்லும்போது பர்னபாஸின் கண் முன்னால் வருவது அந்தத் திறந்த கல்லாதான்.

ஐம்பத்து நாலு வயது. கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் பத்து வருஷம் பாறை துளைத்தவர். சுரங்கம் மூடிய பிறகு, திங்கள் முதல் சனி வரை விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய் சித்தாள் வேலை, கம்பி தூக்கும் வேலை, கிடைத்த வேலை. உடம்பு ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை வேலையையும் துளசிராமனே பிடித்துக் கொடுத்தார். ஊரில் இருந்த சின்ன ரைபிள் கிளப்புக்கு அவர்தான் பொருளாளர். அங்கே இலக்கு பார்க்கிற ஆள் வேலை. கூலி எழுநூறு. அதில் நானூறைச் சாயங்காலமே துளசிராமனிடம் கொடுத்துவிடுவார் பர்னபாஸ்.

கிளப் சயனைடு மேட்டின் அடியில் இருந்தது. அரைத்த கல்லில் சயனைடு ஊற்றித் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன வெள்ளை மேடு. அதற்கு எதிரே ஐம்பது மீட்டர் தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துச் சுடுவார்கள். மேட்டின் காலடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் பர்னபாஸ். கப்பி கட்டிய சட்டத்தில் இலக்கு அட்டையை மேலே ஏற்றுவார். ஐந்து குண்டு போனதும் இறக்கி, எத்தனை புள்ளி என்று பார்த்து, பலகையில் சாக்பீஸால் எழுதித் தூக்கிக் காட்டுவார். பிறகு துளைகள் மேல் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னக் காகித வட்டங்களை ஒட்டிவிட்டு, அதே அட்டையைத் திரும்ப ஏற்றுவார். பெரிய ஊர் கிளப்புகளில் தடவைக்கு ஒரு புது அட்டை. இங்கே காசுக்கு ஏற்ற கஞ்சி.

பள்ளத்துக்கும் கூரைக்கும் நடுவில் கயிறு கட்டிய மணி ஒன்று உண்டு. அதற்குச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு அடித்த கணக்கையே வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி அடித்தால் எல்லாம் நிற்க வேண்டும். கோலார் வயலில் பிறந்தவன் எவனுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

துளசிராமனின் மகள் சுமா அந்தக் கிளப்பில் நன்றாகச் சுடுகிறவள். இருபத்து நாலு வயது, பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை, அதே மாரிகுப்பம் ரயில். பர்னபாஸைப் பார்த்தால் "அங்கிள், சீட் போட்டுட்டேன், ஓடி வாங்க" என்று ஜன்னல் வழியாகக் கத்துவாள். மாநில அணிக்கான தேர்வு பெங்களூரில் நடக்க இருந்தது. அறுபது குண்டு, அறுநூறு புள்ளி. ஐந்நூற்று எழுபத்தைந்து எடுத்தால் உள்ளே. அவள் சாதாரணமாகவே ஐந்நூற்று எண்பதைத் தொடுகிறவள்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கிளப்புக்குப் புதுத் தோட்டா வந்தது. கொண்டுவரச் சொன்னவர் விநாயக். பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் வரும் பயிற்சியாளர், கன்னடக்காரர், காற்றுத் துப்பாக்கியில் பதக்கம் வாங்கியவர். பழைய தோட்டாவின் குண்டு நாற்பது கிரெய்ன் எடை. புதியது அறுபது.

"இந்த மேட்டுக் காத்துக்கு நாப்பது தாங்காது ரீ. கனமா இருந்தா காத்து தள்ளாது. சிம்பிள்," என்றார் விநாயக்.

கேட்ட எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பர்னபாஸுக்கும்.

முதல் ஞாயிறு, சுமாவின் முதல் ஐந்து குண்டு. சட்டத்தை இறக்கிய பர்னபாஸ் அட்டையைப் பார்த்துத் திகைத்தார். எப்போதும் துளை நெற்றிப் பொட்டு மாதிரி வட்டமாக விழும். இன்றைக்கு மூன்று துளைகள் அப்படி. மீதி இரண்டும் அவரை விதையைப் படுக்க வைத்த மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தன. ஒன்று எட்டாம் வட்டத்தில், மற்றொன்று ஏழில். சுமாவுக்கு ஏழு விழுந்து அவர் பார்த்ததே இல்லை.

அட்டை நமுத்துவிட்டதோ? தான் சட்டத்தை இறுக்காமல் விட்டதில், குண்டு படும்போது அட்டை ஆடிக் கிழிகிறதோ? பர்னபாஸ் பயந்தார். கிழிசலைக் கட்டைவிரலால் நீவிச் சமன் செய்தார். ஒரு வட்டத்துக்கு இரண்டு வட்டமாக ஒட்டினார். ஆணியை இன்னும் நாலு அடி அடித்துவிட்டு அட்டையை ஏற்றினார். துளையைக் கிட்டத்தில் பார்க்கிற கண் அந்தக் கிளப்பில் அவருடையது ஒன்றுதான். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது பலகையில் அவர் எழுதிய எண் மட்டும்.

அன்றைக்கு ஐந்நூற்று முப்பத்தொன்று. அடுத்த ஞாயிறு ஐந்நூற்று இருபத்தாறு.

விநாயக் பள்ளத்துக்குள் இறங்கி வந்தார். சட்டத்தைப் பிடித்துக் குலுக்கினார். ஐம்பது வருஷ மரம், கொஞ்சம் ஆடத்தான் செய்தது.

"நோடி சார், இது ஆடுது. மார்க்கிங்கும் சரியா இருக்கான்னு யாருக்குத் தெரியும்? எலெக்ட்ரானிக் டார்கெட் போட்டுடலாம். ஆளே தேவையில்ல."

துளசிராமன் மேலே நின்றிருந்தார். பர்னபாஸ் அவர் முகத்தைப் பார்த்தார். அவரோ செருப்பு நுனியால் வெள்ளை மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். எழுநூறு ரூபாய் போனால் போகட்டும், திங்கட்கிழமை ரயில் இருக்கிறது. ஆனால் அந்த மனிதரின் மகள் வாழ்க்கையில் தன் கையால் மண் விழுந்தது என்று அவர் நினைத்துவிட்டால்? அந்தக் கணக்கை எந்த ஞாயிற்றுக் கூலியில் அடைப்பது?

மூன்றாம் ஞாயிறு விநாயக் பெங்களூரிலிருந்து வேறொரு துப்பாக்கியை எடுத்து வந்தார். கிளப் துப்பாக்கியின் குழல் இருபத்திரண்டு அங்குலம், இதன் குழல் இருபத்தெட்டு. நீளக் குழலில் குண்டு அதிக நேரம் உந்தப்படும், வேகம் கூடும், நேராகப் போகும் என்றார். ஐந்நூற்றுப் பதினான்கு வந்தது. அவரை விதைகள் பெருகிவிட்டன. பர்னபாஸ் அன்றைக்கு ஒட்டிய காகித வட்டங்களே இருநூறைத் தாண்டியிருக்கும்.

பாயைச் சுருட்டும்போது சுமா அவரிடம் வந்தாள். "எனக்குக் கை போயிடுச்சு அங்கிள். அடுத்த வாரமும் இப்படின்னா பேர் வாபஸ் வாங்கிடறேன். அப்பாக்கு இன்னும் சொல்லல."

மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் பர்னபாஸ் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கியவதி விடவில்லை. துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

"நீட்டு ஓட்டையா வுழுது, அத நீ பேப்பர் போட்டு மூடிகினு கீற?"

"சட்டம் ஆடுதுன்னு ஏற்கெனவே சொல்றாங்க. கிழிசலையும் காட்டினா…"

"காட்டினா வேல பூடும். அவ்ளோதானே? எனக்கு வலி வந்தப்ப அந்த மனுசன் கல்லாவத் தொறந்தாரு. நீ அவரு பொண்ணுக்கு ஓட்டைய மூடற. நல்லாக் கீதுய்யா உன் நன்றி."

பர்னபாஸ் தட்டில் விரலால் கோடு போட்டபடி யோசித்தார். வட்டமாக விழ வேண்டிய ஓட்டை கோணலாக விழுவது அவருக்குப் புதிதல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. சுரங்கத்தின் அடித்தட்டில், பாறைக்கு முன்னால், கையில் துளை மிஷின் ஜாக்ஹாமர் அதிர எத்தனை ஷிப்டு பார்த்திருப்பார்! துளைக்கிற கம்பி ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் திரும்ப வேண்டும். திரும்பினால்தான் துளை உருண்டை. அந்தத் திருப்பத்தைக் கொடுப்பது மிஷினுக்குள் இருக்கும் ரைபிள் பார். திருகு மாதிரி முறுக்குப் பள்ளம் வெட்டிய எஃகுத் தண்டு. அது தேய்ந்துபோனால் கம்பி அடிக்கும், ஆனால் சுற்றாது. துளை மூன்று மூலையாகப் போய்க் கம்பியும் சிக்கிக்கொள்ளும். புதிதாக வந்தவன் கம்பியைத் திட்டுவான், பாறையைத் திட்டுவான். பழகினவன் மிஷினைத்தான் கழற்றுவான்.

அவர் எழுந்து கை கழுவினார்.

நாலாம் ஞாயிறு சுமா பழையபடி கிளப் துப்பாக்கியை எடுத்தாள். ஐந்து குண்டு முடிந்ததும் பள்ளத்திலிருந்து ஒரே ஒரு மணி கேட்டது. கூரைக்குக் கீழே இருந்தவர்கள் துப்பாக்கிகளை வெறுமையாக்கிவிட்டு எழுந்தார்கள். சிவப்புக் கொடி ஏறியது. பர்னபாஸ் ஒட்டாத அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐம்பது மீட்டரும் நடந்து வந்தார்.

"மொதலாளி, மூணு வாரமா நான் ஒரு தப்பு பண்ணிகினு இருந்தேன்," என்று அட்டையை மேசையில் வைத்தார். "ஓட்டை இப்டிதான் வுழுது. சட்டத்து மேல பழி வரும்னு பயந்து ஒட்டி மூடினேன். மன்னிச்சுருங்க."

விநாயக் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். நீளத் துளை ஒன்றில் விரலை வைத்தார். "ஏனு இது? குண்டு பக்கவாட்டுல போயிருக்கு!"

"அய்யா, ஒரு வார்த்த. அந்தக் குழலுக்குள்ள நான் பாக்கலாமா?"

சுமா துப்பாக்கியின் பூட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழல் வழியே வானத்தைப் பார்க்கச் சொன்னாள். பர்னபாஸ் ஒற்றைக் கண்ணை மூடினார். உள்ளே பளபளவென்று பள்ளங்கள் முறுக்கிக்கொண்டு ஓடின. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"இது நம்ம ரைபிள் பாரு மொதலாளி! இதான் குண்டச் சுத்த வுடுது. பம்பரம் சுத்தினாதான் நிக்கும். குட்டப் பம்பரம் கொஞ்சம் சுத்தினாலும் நிக்கும், நெட்டப் பம்பரம்னா வேகமாச் சுத்தணும். புதுக் குண்டு கனம்னு சொல்றீங்க. தடிமன் அதே தடிமன், அப்ப நீட்டுலதானே கனம் கூடியிருக்கும்? நீட்டுக் குண்டுக்கு இந்தச் சுத்து பத்தல. பாதி வழியில தள்ளாடி வுழுது."

"அது எப்படி நீங்க சொல்றீங்க?" என்றார் விநாயக். குரலில் கொஞ்சம் கிண்டல் மிச்சமிருந்தது.

பர்னபாஸ் தோட்டாப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். நாற்பது வயதில் தேவாலயத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், இங்கிலீஷ் அதைவிட மெதுவு. மற்றவர்கள் ஒரே பார்வையில் தாண்டிப் போவதை அவரால் தாண்ட முடியாது. பெட்டியின் நாலு பக்கமும் விரல் ஓடியது. அடிப்பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரியில் விரல் நின்றது.

"ஒன்னு… இன்… ஒம்போது. இதுக்கு இன்னா அர்த்தம் பாப்பா?"

சுமா குனிந்து பார்த்தாள். "ஒன்பது அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. உள்ள பள்ளம் அப்படி முறுக்கின குழலுக்குன்னு போட்டிருக்கு." சட்டென்று துப்பாக்கியைத் திருப்பிக் குழலின் அடியில் பொறித்ததைப் பார்த்தாள். "நம்மளது பதினாறு அங்குலத்துக்கு ஒன்னு."

விநாயக் நெற்றியில் அடித்துக்கொண்டார். காற்றுத் துப்பாக்கியில் இந்தத் தொல்லையே கிடையாது. பெட்டியின் மேலே எடையைப் படித்தவர் அடியைத் திருப்பவில்லை. மடமடவென்று அவரே மீதியையும் சொல்லிவிட்டார். "அய்யோ, நீளக் குழல் கொண்டுவந்தது அதைவிடத் தப்பு. இது சின்னத் தோட்டா. வெடிமருந்து பதினாறு பதினெட்டு அங்குலத்துக்குள்ளயே எரிஞ்சு முடிஞ்சுடும். அதுக்கு மேல குழல் உந்தாது, தேய்ச்சுப் பிடிச்சு வைக்கும். வேகம் குறையும். வேகம் குறைஞ்சா சுற்றும் குறையும். நானே குண்டுக்குக் கடிவாளம் போட்டிருக்கேன்!"

கிளப் பீரோவில் பழைய நாற்பது கிரெய்னில் ஐந்து பெட்டி கிடந்தன. சுமா அதில் பத்து சுட்டாள். இந்தத் தடவை பர்னபாஸ் பலகையில் எண் எழுதவில்லை. அட்டையையே தூக்கிக்கொண்டு வந்தார். பத்தும் பொட்டுப் பொட்டாக, ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் போல நடுவில் அப்பிக்கிடந்தன.

துளசிராமன் அப்போதும் நம்பவில்லை. "அட்ட இன்னா வேணா சொல்லும். நான் இரும்புக் கடக்காரன், உலோகத்தக் கையில பாக்கணும். தோண்டுய்யா."

பர்னபாஸ் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அட்டைக்குப் பின்னால் மேட்டைத் தோண்டினார். கிடைத்த குண்டுகளைத் துளசிராமன் பீடிக்கட்டைப் போல உள்ளங்கையில் அடுக்கிப் பார்த்தார். நாற்பதுகள் மூக்கு நசுங்கியிருந்தன. அறுபதுகளில் பல விலாப்பக்கம் சப்பையாகியிருந்தன. மூக்கு புதிது போல அப்படியே.

"பக்கவாட்டுலதான் மோதியிருக்கு," என்றார் துளசிராமன் மெதுவாக. பிறகு விநாயக்கைப் பார்த்து, "சார், ஆளே தேவையில்லன்னு சொன்னீங்களே?"

"அந்த மிஷின் எண் மட்டும்தான் சொல்லியிருக்கும் சார்," என்றார் விநாயக். பர்னபாஸின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "தப்பாய்த்து. மன்னிச்சுடுங்க."

துளசிராமன் பர்னபாஸிடம் வந்தார். மண் ஒட்டிய அவர் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார். அன்றைக்கு அந்தச் செருப்பு நுனி மண்ணைக் கிளறியதே, அதற்கு அவர் கேட்ட மன்னிப்பு அது என்று பர்னபாஸுக்குப் புரிந்தது.

தேர்வில் சுமா ஐந்நூற்று எண்பத்திரண்டு எடுத்தாள். ரயிலிலிருந்தே போன் பண்ணிவிட்டாள், முதலில் அப்பாவுக்கு, அடுத்தது அங்கிளுக்கு. மறுநாள் காலை துளசிராமனும் அவளும் மைசூர்பாகு டப்பாவோடு சுரங்கக் குடியிருப்பில் இருந்த பர்னபாஸின் லைன் வீட்டுக்கு வந்தார்கள். பாக்கியவதி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பர்னா, நம்ம கணக்கு இத்தோட முடிஞ்சுது. மிச்சத்த வுட்டுடு," என்றார் துளசிராமன்.

பர்னபாஸ் தலையை ஆட்டினார். "வேணாம் மொதலாளி."

"இன்னாய்யா வேணாம்? நான் குடுக்கறேன்."

"நீங்க குடுத்தது இவ உசுரு. அதுக்கு ஈடு கெடையாது, தெரியும். ஆனா காசயாவது முழுசாத் திருப்பிக் குடுத்தேன்னு ஒரு சந்தோசம் எனக்கு வேணும். அத எடுத்துடாதீங்க."

"பிடிவாதத்தப் பாரு! ஏம்மா, நீயாவது சொல்லேன்," என்று துளசிராமன் பாக்கியவதியைப் பார்த்தார்.

"நான் இன்னாங்க சொல்றது? கல்லு என் வயித்துல இருந்துது, எடுத்துட்டாங்க. இது இவரு தலைக்குள்ள கீது," என்றாள் அவள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சுமாதான் வழி சொன்னாள். "அப்பா, அன்னைக்கு அங்கிள் தோண்டினப்ப மண்ணவிட ஈயம்தானே அதிகமா வந்துச்சு? பதினோரு வருஷமா அந்த மேட்ட யாரும் சுத்தம் பண்ணல. மழைக்கு முன்னாடி பண்ணியே ஆகணும். கூலிக்குப் பதிலா ஈயத்த எடுத்துக்கட்டும்."

"அது தானம் இல்லியே?" என்று கேட்டார் பர்னபாஸ் சந்தேகத்தோடு.

"தானமா? நாலு ஞாயிறு முதுகு ஒடியும், அப்பறம் பேசு," என்றார் துளசிராமன்.

கிளப் கமிட்டியில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பர்னபாஸ் கையுறை போட்டார். சுடுவது முடிந்த சாயங்காலங்களில் மேட்டைக் கொத்தி, சல்லடையில் அள்ளி ஆட்டினார். வெள்ளைத்தூள் பறக்க, அடியில் கறுப்புக் கறுப்பாக ஈயம் தங்கியது. தங்கத்தை வெள்ளைக்காரன் கொண்டுபோனான், மிஞ்சிய மண் எனக்கு ஈயம் போடுகிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே சலித்தார். முதுகு ஒடியத்தான் செய்தது. நாலு ஞாயிற்றில் எழுபத்தொன்பது கிலோ. பங்காருபேட்டை பழைய இரும்புக்காரர் கிலோ நூற்றைம்பது போட்டார். பதினோராயிரத்து எண்ணூற்று ஐம்பது.

திங்கட்கிழமை பர்னபாஸ் ரயிலுக்குப் போகவில்லை. சவரம் செய்துகொண்டு, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார். பாக்கியவதியும் கூடவே வந்தாள். நானூறைத் தனியாக எடுத்து அவள் முந்தானையில் முடியச் சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் அடைத்தது போக நின்ற கடனுக்குச் சரியாக இருந்த மீதியைத் துளசிராமனின் முன்னால் வைத்தார்.

"எண்ணிக்கோங்க மொதலாளி."

"எண்ணாம வாங்கிக்கறேனே."

"இல்ல, எண்ணுங்க. சத்தமா."

துளசிராமன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, கடையில் ஆணி வாங்க வந்தவன் திரும்பிப் பார்க்கும்படி, ஒவ்வொரு தாளாகச் சத்தம் போட்டு எண்ணினார். பர்னபாஸ் கைகட்டி நின்று கேட்டார். பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

"பதினோராயிரத்து நானூத்தி அம்பது," என்று முடித்தார் துளசிராமன். "தீந்துது. ஒரு பைசா பாக்கி இல்ல. இனிமே ஞாயித்துக்கெழம வருவியா, இல்ல கடன் தீந்துதுன்னு வூட்டுலயே குந்திக்குவியா?"

"வராம? இனிமேதான் எழுநூறும் முழுசா என்னுது," என்றார் பர்னபாஸ்.

துளசிராமன் சிரித்துக்கொண்டே பணத்தைக் கல்லாவில் போட்டு மூடினார்.